மேல் வயல் தரிசாகக் கிடந்த போகம்

வாய்க்கால் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதன்முதலாகப் பேச்சு எழுந்தபோது, வாய்விட்டுச் சிரித்தவள் நான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையில் இருந்தால் தொண்டை தானாகப் பெருத்துவிடும். நான் சிரித்தால் மேட்டு லயம் வரை கேட்கும்.

"வாய்க்கால்ல துணி தொவைச்சிருக்கோம், மாட்டைக் குளிப்பாட்டியிருக்கோம். இனிமே பல்பையும் முக்கி எடுக்கப் போறியா?" என்று கேட்டேன். கூடி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள். எனக்கு அப்போதே அவள்மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்குள் கொஞ்சம் மரியாதையும் இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கொழும்பில் ஒரு தையல் பெக்டரியில் மோட்டார் பழுது பார்க்கும் பக்கம் சில வருஷம் வேலை செய்துவிட்டு, தாயாருக்கு முடியாமல் போனதால் தோட்டத்துக்கே திரும்பி வந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பிறகு லயத்தில் அவளை டைனமோக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தோம். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

எங்கள் லயம் லுணுகலையிலிருந்து மேலே ஏறி, தேயிலை முடிந்து பள்ளம் இறங்கும் விளிம்பில் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பிரா, காம்பிராவுக்கு ஒரு குடும்பம். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ரோட்டில் பாதியையும் மின்கம்பங்களையும் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். கம்பம் வரும், வரும் என்றார்கள். நாங்களும் கடதாசி கொடுத்தோம். கொடுத்த கடதாசிக்குப் பதில் கடதாசி வந்தது, கம்பம் வரவில்லை. மறுபடி மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி, போனுக்குச் சார்ஜ் ஏற்ற பஜாருக்கு நடை.

லயத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது எங்களுடையதல்ல. மேலே ஓடையில் கல் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, தோட்டத்து ஓரமாகக் கொண்டுபோய், கீழே சிங்கள ஊர் வயல்களுக்கு விடுகிறார்கள். எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். வழியில் ஒரு பாறையிலிருந்து அந்தத் தண்ணீர் மூன்று ஆள் உயரம் கீழே விழுந்து மறுபடி வாய்க்காலாக ஓடும். நாங்கள் எல்லாரும் அந்த இடத்தில் குளித்தவர்கள்தான். அவள் மட்டும் குளித்துவிட்டு நின்று அந்த விழுகையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"தண்ணிய நாம எடுக்கப் போறதில்ல அக்கா. விழுற தண்ணி பைப்புக்குள்ள விழட்டும். கீழ சக்கரத்தைச் சுத்திட்டு அதே வாய்க்காலுக்கே போயிடும். ஒரு சொட்டு குறையாது," என்றாள்.

இதை அவள் எங்களிடம் சொன்னது பெரிதில்லை. வெல்விதானையிடம் போய்ச் சொன்னாள் பாருங்கள், அதுதான் பெரிது. வெல்விதானை என்பவர் வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரித்து விடுகிறவர். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்பது அவர் வாயில்தான் இருக்கிறது. தோட்டத்து ஆள் ஒருத்தி, அதுவும் கொழுந்துக்காரி, அவர் வீட்டு வாசலில் போய் நின்று "உங்க தண்ணியில எங்களுக்கு ஒரு வேலை இருக்கு" என்று கேட்பதென்றால் லேசுப்பட்ட காரியமா. அவர் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டுவந்து விழுகைக்குக் கீழே வாய்க்காலில் ஊன்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார். "இந்தக் கோடு வெளிய தெரிஞ்சா, அன்னைக்கே மெஷினைக் கழட்டணும்," என்றார். அவருக்குச் சந்தைத் தமிழ் நன்றாக வரும்.

ஊர்களில் இப்படிச் சின்ன அளவில் மின்சாரம் செய்து கொடுக்கும் ஒரு அமைப்புக்காரர்கள் சக்கரமும் டைனமோவும் கொடுத்தார்கள். பைப்பை நாங்கள் தோளில் சுமந்தோம். நானும் சுமந்தேன், திட்டிக்கொண்டே. ஒரு மாதம் வெல்விதானை வேளை தவறாமல் வந்து குச்சியைப் பார்த்தார். கோடு வெளியே தெரியவே இல்லை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்று. அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்டவை அதைவிட அதிகம். கோடை வந்தால் முன்பெல்லாம் அணை ஓடையை முழுசாக மறித்துவிடும். அணைக்குக் கீழே ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும். இவள் வெல்விதானையைப் பிடித்து, அணையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டுப் போட வைத்தாள். அந்த வெட்டு வழியாக எப்போதும் தண்ணீர் ஓடைக்குப் போக வேண்டும். ஓடைக்குப் போனதுபோக மிச்சம்தான் வாய்க்காலுக்கு. வாய்க்காலில் வயலுக்கு முதல் உரிமை. எல்லாரும் வாங்கியபிறகு நமக்குக் கரண்ட். இதுதான் அவள் வரிசை. பைப்பின் வாயில் நெருக்கமான வலை கட்டினாள், ஓடை மீன்குஞ்சு உள்ளே போகக் கூடாதென்று. காலையில் பெரட்டுக்குப் போகுமுன், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த நேரத்துக்கு முன்பே, போய் வலையில் சேர்ந்த இலையைக் கையால் வாரிக் கரையில் குவித்துவிட்டு வருவாள். திரும்ப ஓடையில் தள்ள மாட்டாள். அந்தக் குவியல் மக்கிப்போய் என் வீட்டுப் பீன்ஸ் கொடிக்கு உரமானது. சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் ஒரு துளி தண்ணீரில் விழுந்தாலும் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். துணி வைத்து ஒற்றி எடுப்பாள். மிச்சக் கிரீஸைத் தாளிப்புச் சட்டியைத் துடைப்பது மாதிரி துடைப்பாள்.

"ஓடைக்கு எதுக்குடி நீ காவல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுகிட்டத்தானே வாங்குறோம்," என்றாள். அவ்வளவுதான் பதில்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியாமல் போனது. தேயிலை பெக்டரியில் சலிக்கும் அறையில், பறக்கும் தூசிக்குள் ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். முதலில் இருமல், பிறகு இளைப்பு, பிறகு நாலு அடி நடந்தால் சுவரைப் பிடிப்பார். பதுளை ஆஸ்பத்திரியில் வார்டில் வைத்தார்கள். மூன்று வாரம். நுரையீரல் இனித் திரும்பாது, ஆனால் காற்றிலிருந்து ஒட்சிசன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை இரவல் தரலாம், அது இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர். இல்லாவிட்டால் வார்டுதான்.

"வீட்ல கரண்ட் இருக்கா அம்மா?"

"இருக்குங்க ஐயா."

"அடிக்கடி கட் ஆகுமா?"

"அதெல்லாம் ஆகாதுங்க."

எந்தக் கரண்ட் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு மனுஷன் சுவரைப் பார்த்தபடி கிடந்ததை மூன்று வாரமாகப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அப்படிக் கிடக்கக் கூடாது. வீட்டில் இருக்க வேண்டும், வாசலில் வெயிலில் உட்கார வேண்டும், போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுக்க வேண்டும். அதற்காக வாய்க்கால் கரண்டைப் பெரிய கரண்ட் மாதிரிப் பேசிவிட்டு மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் என் லயத்து ஜனங்கள் எனக்குச் செய்த உபகாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. மெஷின் ஓடத் தொடங்கியது. குழாய் மூக்கில் ஏறியதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் வாசலில் நின்று, "மெஷின் நெறையக் கரண்ட் குடிக்குமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு காம்பிராவுக்கும் போனது. பாவம், அந்த மனுஷனுக்குக் கரண்ட் பற்றாமல் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு வீட்டிலும் லைட்டை அணைத்தார்கள். டீவியை அணைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அணை, மிச்சம் பிடி, வீணாக்காதே என்றே பழகியவர்கள். நாலே நிமிஷத்தில் லயம் முழுக்க இருட்டு. என் வீட்டில் மட்டும் வெளிச்சம்.

அந்த வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. பல்பு வெள்ளையாக எரிந்தது. கீழே பாறைப் பக்கமிருந்து சக்கரத்தின் சத்தம் வண்டு மாதிரி ஏறியது. மெஷின் கீ என்று கத்தியது. பட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

டைனமோக்காரி கீழேயிருந்து ஓடி வந்தாள். அவள் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. "யாரு லைட்டை அணைச்சது? போடுங்க, எல்லாத்தையும் போடுங்க. டீவி, இஸ்திரிப் பெட்டி, என்ன இருக்கோ எல்லாம் போடுங்க." கீழே ஓடித் தண்ணீரைக் கட்டுப்படுத்திவிட்டு, மறுபடி மேலே வந்து, மெஷினில் எரிந்துபோன ப்யூஸை மாற்றினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. காற்று மறுபடி வந்தபோது, அவர் முதலில் சொன்னது, "அம்புட்டுப் பேரும் சேந்து என்னைக் கொல்லப் பாத்திருக்கீங்க," என்பதுதான்.

அவள் பிறகு எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். ஊர்க் கம்பத்துக் கரண்ட் வேறு, இது வேறு. இங்கே சக்கரம் சுற்றுகிற அளவுக்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். அதை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். மிஞ்சினால் ஒரு பீப்பாத் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்கு அது போகும்படி வைத்திருக்கிறாள். ஆனால் பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் விட்டால் அந்தக் கம்பி தாங்காது. மிச்சம் முழுக்க ஒரே வீட்டின்மேல் வந்து விழும். "அந்த ஐயாவுக்கு ஒதவணும்னா நீங்க அணைக்கக் கூடாது. எரிய விடணும்," என்றாள்.

அதற்குப் பிறகு நல்ல வெயிலடிக்கும் நேரத்திலும் எங்கள் லயத்தில் வாசலுக்கு வாசல் பல்பு எரியும். லயத்துப் பொம்பளைகளுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று வெளியாட்களுக்குப் புரியாது. பகலில் லைட் எரிந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கையை இழுத்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டுக்காரி சுவிட்சின்மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்தாள். இப்படிப்பட்ட ஜனங்களோடு வாழ்வதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், நான் சும்மா சொல்லவில்லை.

அந்த வருஷம் மாசியில் பெய்ய வேண்டிய மழையும் பெய்யவில்லை. பங்குனி பிறந்தபோது ஓடை மெலிந்துவிட்டது. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். நின்ற பயிரைக் காப்பாற்ற வெல்விதானை முறை போட்டுவிட்டார்: இரண்டு நாள் மேல் வயலுக்கு, மூன்று நாள் கீழ் வயலுக்கு. இங்கேதான் எனக்கு இடி விழுந்தது. மேல் வயல்களுக்குத் தண்ணீர் பிரியும் மடை, பாறை விழுகைக்கு முன்னாலேயே இருக்கிறது. அவர்கள் முறை வந்தால் தண்ணீர் முழுக்க அந்த மடையில் திரும்பிவிடும். விழுகைக்கு ஒன்றும் வராது. சக்கரம் நிற்கும். கீழ் வயல் முறை வந்தால்தான் தண்ணீர் விழுந்து போகும், அப்போது மெஷினுக்கும் நாலைந்து பல்புக்கும் சரியாக இருக்கும்.

மேல் வயல் முறை வரும் இரண்டு நாளைக்குப் பதுளையிலிருந்து இரவல் ஒட்சிசன் சிலிண்டர் கொண்டுவந்து பார்த்தோம். பாதி ரோடு இல்லாத ஊரில், சிலிண்டரை ஆள் தூக்கிப் பள்ளம் தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஒரு தடவை அது நேரம் கழித்து வந்தது. அன்று அவர் உதடு நீலமாகிப் போனதைப் பார்த்த பிறகு எனக்குப் புத்தி நேராக வேலை செய்யவில்லை.

மறுநாள் விடியும்போது ஒரு உரச் சாக்கில் மண்ணை அள்ளிக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அணைக்குப் போனேன். அந்த வெட்டை அடைத்தேன். ஓடைக்குப் போகும் தண்ணீரும் வாய்க்காலுக்குத் திரும்பினால் மேல் வயல் எடுத்ததுபோகக் கொஞ்சமாவது விழுகைக்கு வருமே என்பதுதான் என் கணக்கு. சாக்கு விழுந்ததும் ஓடைப்பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பினால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், கொழுந்துக் கூடையோடு.

"எடுங்க அக்கா."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் எடுப்பேன்."

"தொட்டுப் பாரு. மீனுக்குத் தண்ணி குடுப்ப, எம்புருஷனுக்கு மூச்சுக் குடுக்க மாட்டியா? உனக்கு நெஞ்சுல என்ன கல்லா இருக்கு?" இதைவிட மோசமாகவும் சொன்னேன். அவள் கல்யாணம் கட்டாததையும் இழுத்தேன். இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மீனுக்கு மட்டுமில்ல அக்கா. கீழ் லயத்துல முப்பது வீடு இந்த ஓடையிலதான் குடிக்குது. நீங்க ஆயாவா இருந்து வளத்த புள்ளைங்க, அதுங்க புள்ளைங்க. இன்னைக்கு ஐயாவுக்காக அடைச்சா நாளைக்கு இன்னொருத்தருக்காக அடைப்போம். அப்புறம் வெட்டுன்னு ஒண்ணு எதுக்கு," என்றாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிச் சாக்கை எடுத்துக் கரையில் வைத்தாள். ஓடை மறுபடி சத்தம் போட்டது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓடைகிட்டப் புடுங்கக் கூடாது. ஆனா மனுசங்ககிட்டக் கேக்கலாம். எந்திரிங்க, போவோம்," என்றாள்.

அன்று அவள் பெரட்டுக்குப் போகவில்லை. அரைநாள் பேரும் கூலியும் போய்விட்டது. இரண்டு பேரும் வெல்விதானை வீட்டுக்கு நடந்தோம்.

சிங்கள ஊர்க்காரர்களிடம் பெத்ம என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீர் குறைந்த போகத்தில் எல்லா வயலையும் நட்டு எல்லாமே கருகுவதற்குப் பதிலாக, ஒரு பகுதி வயலை மட்டும் நடுவார்கள். அந்தப் பகுதியை வயல்காரர்கள் எல்லாரும் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அது யார் வயல், யார் வரம்பு என்ற பேச்சே கிடையாது. போகம் முடிந்ததும் அவரவர் வயல் அவரவருக்கு. நினைத்துப் பாருங்கள், ஒரு மனுஷன் தன் வயலை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் அன்றுவரை தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

சித்திரையில் நடப்போகும் சிறுபோகத்துக்குப் பெத்மதான் செய்ய வேண்டியிருக்கும் என்று வெல்விதானை ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தார். எப்போதும் மேல் வயல்களைத்தான் நடுவார்கள்; அணைக்குக் கிட்டே இருப்பதால் தண்ணீர் வழியில் வீணாகாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தத் தடவை கீழ் வயலை நடுங்கள். அப்போது ஒவ்வொரு நாளும் தண்ணீர் முழுக்க விழுகை வழியாகத்தான் போகும். வயலுக்கும் போகும், மெஷினும் ஓடும்.

"கீழ வாய்க்கால் நீளம். ஓட்டை நெறைய. பாதித் தண்ணி மண்ணுக்குள்ள போயிடும்," என்றார் அவர்.

"ஓட்டைய நாங்க அடைச்சுத் தர்றோம் மாத்தயா. எங்க லயத்து ஆளுங்க எல்லாரும் வருவாங்க," என்றாள். யாரிடமும் கேட்காமல் பன்னிரண்டு காம்பிராவுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் மட்டும் சொல்ல ஏலாது. போகக் கூட்டத்துல கேளுங்க."

ஊர்ப் புத்த கோயிலான பன்சலையின் மண்டபத்தில், போகம் தொடங்குமுன் வயல்காரர்கள் கூடும் கூட்டம். தோட்டத்திலிருந்து யாரும் அதற்கு முன் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெல்விதானை விஷயத்தைச் சொன்னார். கீழ் வயல்காரர்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஏன் இருக்கப்போகிறது. மேல் வயல்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் பெரிய வயல் ஒருவருக்கு இருந்தது. ஒல்லியான மனுஷர், பேச்சுக் குறைவு. எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் எழுந்து நேராக என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: இது எவ்வளவு காலத்துக்கு?

நோயாளி இன்னும் எத்தனை நாள் இருப்பான் என்பதுதான் கேள்வி. மண்டபத்தில் எல்லாருக்கும் அது புரிந்தது. டைனமோக்காரி வாய் திறக்கப்போனாள், நான் அவள் கையை அழுத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே சொன்னேன்: "எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. ரொம்ப நாள் இல்லை."

"அப்படியென்றால் இந்தப் போகம் என் வயல் தரிசாகக் கிடக்கட்டும். அடுத்த போகத்துக்கு அவர் இருந்தால் நீங்களே வந்து கேளுங்கள். வேறு ஆளை அனுப்ப வேண்டாம்," என்றார். உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் சரி என்றார்கள்.

வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். வயலைக் கொடுத்தானே, அதோடு வாயை மூடியிருக்கலாமே, அவர் இருந்தால் என்று என்ன பேச்சு என்று பொரிந்து தள்ளினேன். வீட்டில் எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல மனுசன்தான். மனசுல இருக்கிறதைச் சொல்லிப்புட்டான்," என்றார். அதிலும் எனக்குக் கோபம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயம் முழுக்கக் கீழ் வாய்க்காலில் இறங்கியது. வேலைக்குப் போகாத கிழங்கள்கூட வந்து கரையில் நின்று யோசனை சொன்னார்கள். களிமண் குழைத்து ஓட்டைகளை அடைத்தோம், நண்டு வளைகளைத் தேடித் தேடி அடைத்தோம், கரைக்குப் புல் பதித்தோம். சிமெந்து போடலாம் என்று ஊர்ப் பொடியன் ஒருவன் சொன்னபோது, புல்லுக்குள் வாழும் தவளை எங்கே போகும் என்று அவனோடு சண்டைக்குப் போனவள் நான். அதைக் கேட்டு டைனமோக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கண்டுகொள்ளாதவள் மாதிரி நான் களிமண்ணைப் பிசைந்தேன். மத்தியானம் ஊர்ப் பெண்கள் பலாக்காய்க் கறியும் சோறும் கொண்டுவந்தார்கள். நாங்கள் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம்.

சித்திரையில் கீழ் வயலில் நாற்று விழுந்தது. அதற்குப் பிறகு மெஷின் ஒரு நாள் நிற்கவில்லை. ஓடை தன் பங்கை வாங்கிக்கொண்டது, வயல் தன் பங்கை வாங்கிக்கொண்டது, வெல்விதானை கோடைக்கென்று குச்சியில் தாழ்த்திக் கீறிய கோடும் வெளியே தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு, போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்தார். நான் கொழுந்துக்காரிகளோடு கீழே போகும்போதெல்லாம் அந்த மேல் வயலைப் பார்ப்பேன். மேலே தேயிலையும் கீழே நாற்றும் பச்சையாக இருக்க, மேல் வயல் மட்டும் வெடித்துக் கிடந்தது. மாடு மேய்ந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு தடவை அந்த மனுஷர் வரப்பில் நின்றிருந்தார். நான் கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அறுவடை முடிந்தது. ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பெரும்போகத்துக்கு மேல் வயல், கீழ் வயல் எல்லாவற்றுக்கும் தண்ணீர், விழுகைக்கும் தாராளமாகத் தண்ணீர். கேட்க ஒன்றுமே இல்லை. அதனால் அந்தப் போகக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை பத்து மணி. நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். உடைந்த ரோட்டு வழியாக ஒரு ஆள் குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வருகிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம். கையில் ஒரு பையில் சீனி. இழவு வீட்டுக்குப் போகிற உடுப்பு. மேட்டு லயத்தில் யாரும் தவறிவிட்டார்களோ என்று நான் பதறிப்போய் எழுந்தேன். கிட்டே வந்ததும் தெரிந்தது, அது மேல் வயல்காரர்.

அவர் வாசலில் நின்று என் நெற்றியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் புரியாதவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு புள்ள அது?" என்று உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே குழாயை இழுத்தபடி மெதுவாக நிலைப்படிக்கு வந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். மேல் வயல்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையிலிருந்த சீனியைப் பின்னால் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னிடம் சிங்களத்தில், கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "நீங்கள் கேட்க வரவில்லை. கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றதும் நான்…"

நான் எங்கள் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். "வாங்க மாத்தயா, உள்ள வாங்க. ஒரு போகம் முந்தி வந்துட்டீங்க," என்றார்.

நான் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். அந்த மனுஷரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெள்ளைச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் அடுப்படிக்குப் போய்க் கேத்தலை வைத்துவிட்டு, அங்கேயே நின்று நன்றாக அழுதேன். கடனே என்று வயலைக் கொடுத்தவர் என்று ஒரு போகம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வந்து கேட்டால் எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம்; அதற்காகத்தான் வேறு ஆளை அனுப்ப வேண்டாம் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் கொண்டுவந்த சீனியைத்தான் தேநீருக்குப் போட்டேன். இரண்டு பேரும் நிலைப்படியில் உட்கார்ந்து, பாஷை சரியாகத் தெரியாமலே ஒரு மணி நேரம் பேசினார்கள். போகும்போது அவர் மெஷினைத் தொட்டுப் பார்த்தார், பகலில் எரிந்துகொண்டிருந்த பல்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரோட்டில் இறங்கியவர் திரும்பி நின்று என்னை அதட்டினார்.

"மழை பெய்தாலும் வந்து கேளுங்கள்," என்றார்.